பரீட்சைக்கு வைத்த களை

கணக்கு வாத்தியாரிடம் யாரும் வீட்டுக் கணக்கைப் போட்டுத் தரச் சொல்வதில்லை. விவசாய டீச்சரிடம் மட்டும் ஊரே வந்து தன் வீட்டுக் கறிவேப்பிலைக் கன்று ஏன் வாடுகிறது என்று கேட்கும். மேல்நிலைப் பள்ளியில் வேளாண் அறிவியல் நடத்தும் சக பாவிகளே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிளஸ் ஒன், பிளஸ் டூவில் தொழிற்கல்வி என்று ஒரு பிரிவு உண்டு. அதில் விவசாயமும் ஒரு குரூப். பாதிப் பாடம் வகுப்பறையில், பாதிப் பாடம் பள்ளிக்கூடத்தின் பின்பக்கத் தோட்டத்தில். கடைசியில் செய்முறைத் தேர்வு, அதற்கு வேறு பள்ளியிலிருந்து ஒரு ஆசிரியர் வந்து மார்க் போடுவார். அவருக்குப் பெயர் எக்ஸ்டர்னல்.

நான் சிம்மக்கல்காரி, பழ மண்டிகளுக்கு நடுவே பிறந்த டவுன் பெண். வாழைத்தார் என்பது லாரியிலிருந்து இறங்குவது என்று நினைத்து வளர்ந்தவள். விவசாயம் படித்து, ஒத்தக்கடைப் பக்கம் சிஸ்டர்கள் நடத்தும் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் வாழைக்கு மரம் என்று ஒன்று இருப்பதையே நெருக்கத்தில் பார்த்தேன். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். என் மாணவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

டவுன் பஸ் ஆஸ்பத்திரி

காலையில் நான் ஏறும் பஸ்ஸின் கண்டக்டருக்கு நான் விவசாய டீச்சர் என்பது எப்படியோ தெரிந்துவிட்டது. மறுநாளே டிக்கெட்டுக்கு முன்னால் பையிலிருந்து ஒரு எலுமிச்சை இலையை எடுத்து நீட்டினார். இலை சுருண்டு, ஓரமெல்லாம் ஓட்டை. கூட்டத்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் இலையைத் திருப்பிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த நாலு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்கள். வேப்பெண்ணெயைத் தண்ணீரில் கலந்து, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து அடிக்கச் சொன்னேன். "கேட்டுக்கிட்டீகளா" என்று அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

பத்து நாள் கழித்து அதே கண்டக்டர் என்னைக் கண்டதும் முகம் மாறிப் பக்கத்தில் வந்தார். மருந்து வேலை செய்யவில்லை போலிருக்கிறது, எல்லோர் முன்னாலும் கேட்டு மானத்தை வாங்கப்போகிறார் என்று பயந்தேன். அவர் குனிந்து ரகசியமாகச் சொன்னார்: "பூச்சி போயிருச்சு டீச்சர். பக்கத்து வீட்டுச் செடிக்குத்தான் போயிருக்கு. அந்தாளு அடுத்த ஸ்டாப்புல ஏறுவாரு, நீங்க கொஞ்சம் பின்னால போயி உக்காந்துக்கங்க."

பள்ளிக்கூடத்திலும் மண்வெட்டி

ஜூன் மாதம் வந்தால் பிளஸ் ஒன் சேர்க்கை. சேர்க்கை நடக்கும் மேஜைகளில் கம்ப்யூட்டர் குரூப் மேஜை முன்னால் வரிசை வாசல்வரை நிற்கும். என் மேஜையில் நானும் மின்விசிறியும் இருப்போம். அந்த வருடம் தலைமையாசிரியை சிஸ்டர் என் பக்கத்தில் வந்து நின்று, காலி நாற்காலியைப் பார்த்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். "இந்த பேட்ச் பிளஸ் டூ முடிச்சு வெளியே போறவரைக்கும் டைம் தர்றேன் டீச்சர். அதுக்கப்புறம் வர்ற ஜூன்ல உங்க ரூம் பெஞ்சு நிறையணும். இல்லைன்னா அதுல கம்ப்யூட்டர் வந்து உட்காரும்." ரூம் போனால் குரூப் போகும். குரூப் போனால் நான் எங்கே போவது? எனக்குத் தெரிந்ததெல்லாம் மண்ணும் பூச்சியும்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் திருவாதவூரிலிருந்து மாயழகு என்பவர் தன் மகள் அழகுமீனாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். மூன்று போகம் நெல் பார்த்த ஆள். "விவசாயத்துல சேருங்க, நல்ல எதிர்காலம் இருக்கு" என்று நான் உற்சாகமாக ஆரம்பித்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வெயில்ல காயக்கூடாதுன்னுதான் புள்ளையப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறேன். நீங்க பள்ளிக்கூடத்துலயும் மம்பட்டியக் குடுக்குறீகளே டீச்சர்!" அழகுமீனா மட்டும் அப்பா அசந்த நேரம் பார்த்து விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். மற்ற குரூப்பில் இடம் கிடைக்காத சிலரும் வந்து சேர்ந்து ஒரு பேட்ச் தேறியது. பிறகு அழகுமீனாவிடம் காரணம் கேட்டேன். "மத்த குரூப்ல எல்லாம் நாள் பூரா பெஞ்சுலயே உக்காந்திருக்கணும் டீச்சர். இதுல பாதி நேரம் வெளிய போகலாம்ல."

கெபி ஓரத்துக் கொய்யா

பள்ளி வளாகத்தில், குகை மாதிரி கட்டி மாதா சிலை வைத்த கெபி ஒன்று இருக்கிறது. அதை ஒட்டி ஒரு கொய்யா மரம். விண்பதியம் போடச் சொல்லிக்கொடுக்க அந்த மரத்தைத்தான் பிடித்தேன். கிளையில் ஒரு வளையம் அளவுக்குப் பட்டையை உரித்து, ஈரமான தென்னைநார்க் கழிவை வைத்து, மேலே பாலித்தீன் தாளைச் சுற்றி, இரண்டு பக்கமும் சணலால் கட்டிவிட்டால் சில வாரத்தில் அந்த இடத்தில் வேர் விடும். வெட்டி நட்டால் புதுக் கன்று. பிள்ளைகள் ஆளுக்கொரு கிளையில் ஆசையாகக் கட்டினார்கள்.

சனி, ஞாயிறு போய்த் திங்கட்கிழமை வந்து பார்த்தால் மரத்தில் நாங்கள் கட்டியதைவிட அதிகமாகத் தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்தவர்கள் கெபி பக்கத்தில் பிள்ளைகள் வரிசையாக முடிச்சுப் போட்டிருப்பதைப் பார்த்து, இது ஏதோ புது வேண்டுதல் என்று முடிவு கட்டி ஆளுக்கொன்று கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். பாலித்தீன் பை, கர்ச்சீப், சிறு தொட்டில், ஒருவர் பால் பாக்கெட் கவரில்கூடக் கட்டியிருந்தார். இந்துக்கள், கிறிஸ்தவர்கள் என்று பேதமே இல்லை. சிஸ்டர் மரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவிழ்க்கச் சொன்னால் பக்தர்கள் வருத்தப்படுவார்கள், விட்டால் பிஷப் வருத்தப்படுவார். "உங்க குரூப் இருக்கிறவரைக்கும் எனக்கு ஜெபம் பண்ண விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மழை முடிந்து எங்கள் பதியங்கள் வேர் விட்டதும் கத்தரியோடு மரத்தடிக்குப் போனேன். ஒரு அம்மா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். மகளுக்கு நர்ஸ் வேலைக்காகக் கட்டியிருந்தாராம். "உங்க முடிச்ச அறுத்துக்கங்க டீச்சர், எம் முடிச்சத் தொட்டுறாதீக. இன்னும் ஆர்டர் வரல."

வேண்டாத செடி

களை என்றால் என்ன? வேண்டாத இடத்தில் வேண்டாமல் முளைக்கும் செடி. இதுதான் நான் வருடா வருடம் நடத்தும் பாடம். தோட்டத்தில் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துக் களையெடுக்கச் சொன்னேன். வேலை மின்னல் வேகத்தில் நடந்தது. இம்புட்டுச் சுறுசுறுப்பான பிள்ளைகளா என்று எனக்கே கண் கலங்கிவிட்டது. பிடுங்கிய களையை எருக்குழியில் போடச் சொல்லித் திரும்பினால், குழி காலியாக இருந்தது. டிபன் பைகள் எல்லாம் பிதுங்கிக்கொண்டிருந்தன.

திறக்கச் சொன்னேன். பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, தரைக்கீரை, மூக்கிரட்டை, குப்பைக்கீரை. எல்லாமே என் பாடத்தில் களை, அவர்கள் வீட்டில் குழம்பு. ஒன்றைக் கையில் எடுத்து, "இது களை. வயலுக்கு எதிரி. இதற்கு இரக்கம் காட்டக்கூடாது" என்று முழங்கினேன். அழகுமீனா பையை மூடிக்கொண்டே கேட்டாள்: "வேண்டாததுதான களை? எங்க வீட்டுல இது வேணுமே டீச்சர்."

பிரியாணி வந்த வெள்ளிக்கிழமை

அழகுமீனாவின் பேட்ச் பிளஸ் டூ முடிக்கும் நேரம் வந்தது, செய்முறைத் தேர்வு நாள் குறித்தாகிவிட்டது. எக்ஸ்டர்னல் எப்படி மார்க் போடுகிறாரோ, சிஸ்டரிடம் போய் என்ன சொல்கிறாரோ, அதுதான் என் குரூப்பின் தலையெழுத்து. ஒரு வாரம் நானும் பிள்ளைகளும் தோட்டத்தைத் துடைத்து எடுத்தோம். தரையில் ஒரு புல் இல்லை. தேர்வுக்கு வைக்க வேண்டிய களைகளை மட்டும் வேரோடு பிடுங்கி ஒரு வாளித் தண்ணீரில் பத்திரப்படுத்தினேன். தேர்வன்று காலையில் யாரும் பார்க்காதபோது கெபி ஓரத்துக் கொய்யாவில் ஒரு பாலித்தீன் முடிச்சும் போட்டேன். பட்டையை உரிக்கவில்லை. வேர் விடுவதற்காகக் கட்டியது இல்லை அது.

எக்ஸ்டர்னலுக்கு மதியம் பிரியாணி வாங்கித் தருவது உலக வழக்கம். காலையிலேயே சொல்லிவைத்துவிட்டேன். வந்தவர் ஜெபராஜ் சார், உசிலம்பட்டிப் பக்கத்துப் பள்ளி. ஒல்லியான ஆள், சிரிப்பு என்பது ஜாதகத்திலேயே இல்லாத முகம். வந்து உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாக, "தவக்காலம். அதுவும் வெள்ளிக்கிழமை. கவிச்சி வாடையே ஆகாது. கீரை, மோர் இருந்தாப் போதும்" என்றார். நான் கோயில் மணிச் சத்தத்தில் வளர்ந்தவள், ஈஸ்டருக்கு முந்திய அந்த விரதக் காலம் எனக்கெங்கே ஞாபகம்? சத்துணவுக் கூடத்துக்கு ஓடிப்போய்ச் சமையல்கார பாக்கியம் அக்காவிடம், "அக்கா, மதியத்துக்கு ஏதாவது ஒரு கீரையைப் போட்டு ஒரு கூட்டு வச்சுத் தாங்க, என் மானத்தைக் காப்பாத்துங்க" என்று கெஞ்சிவிட்டு வந்தேன்.

சிஸ்டர் கண்ணில் படுவதற்குள் பிரியாணியை விளையாட்டுச் சாமான் அறைக்குள் தள்ளினோம். பி.டி. மாஸ்டர் தனி ஒருவராக நின்று அந்தப் பிரச்சினையைத் தீர்த்து வைத்தார். கை கழுவிவிட்டு வந்து சொன்னார்: "அடுத்த வருசமும் தவக்காலத்துலயே எக்ஸ்டர்னல வரச் சொல்லுங்க டீச்சர்."

கட்டுப்படுத்தும் முறை

காலை பேட்ச் தொடங்கியது. ஒவ்வொரு தட்டிலும் நம்பர் போட்டு ஒரு களை, அதற்குப் பெயர் ஸ்பெசிமன். பெயர் சொல்ல வேண்டும், கெடுதல் சொல்ல வேண்டும், கட்டுப்படுத்தும் முறை சொல்ல வேண்டும். ஜெபராஜ் சார் பண்ணைக்கீரைத் தட்டைக் காட்டி அழகுமீனாவிடம் கேட்டார். பெயரைச் சரியாகச் சொன்னாள். கெடுதலையும் தட்டுத் தடுமாறிச் சொல்லிவிட்டாள்.

"இதைக் கட்டுப்படுத்துறது எப்படி?"

"பறிச்சுச் சாப்பிட்டுருவோம் சார்."

அவருக்குப் பின்னால் நின்று கைக்களை, மண்வெட்டி, நிலப்போர்வை என்று வாயசைத்துப் பார்த்தேன். அவள் நான் கொட்டாவி விடுவதாக நினைத்துக்கொண்டு பரிதாபமாகப் பார்த்தாள். ஜெபராஜ் சார் அந்தக் கேள்விக்கு நேரே முட்டையைப் போட்டார். "இது பரீட்சை ஹாலும்மா, அடுப்படி இல்ல."

காலி வாளி

மதியம் வந்தது. தட்டில் வைத்தவை காலை பேட்ச் கைபட்டுக் கசங்கிவிட்டன. மதிய பேட்ச்சுக்கு உள்ளது வெயிலில் வாடாமல் இருக்கட்டும் என்று களை வாளியைக் காலையிலேயே சத்துணவுக் கூடத்துக் குழாயடி நிழலில் வைக்கச் சொல்லியிருந்தேன். ஜெபராஜ் சார் இலை முன்னால் உட்கார்ந்தார். பாக்கியம் அக்கா பாசிப்பருப்புப் போட்டு, தேங்காய் அரைத்துவிட்டு, காய்ந்த மிளகாய் தாளித்து ஒரு கூட்டு வைத்திருந்தார். ஜெபராஜ் சார் முதல் கவளத்தில் நிமிர்ந்தார். இரண்டாவது முறை கேட்டு வாங்கினார். மூன்றாவது முறை கேட்கவே இல்லை, இலையை அக்கா பக்கம் நகர்த்தி வைத்துக் காத்திருந்தார். அந்த முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ தெரிந்ததும், குரூப் பிழைத்தது என்று எனக்குள் மேளமே கொட்டியது.

மேளம் குழாயடிவரை கொட்டியது. அங்கே வாளி கவிழ்ந்து காய்ந்துகொண்டிருந்தது. கோரையும் பார்த்தீனியமும் மட்டும் ஓரமாக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன. மதிய பேட்ச் பிள்ளைகள் வெளியே வரிசையில் நிற்கிறார்கள், பரீட்சைக்கு வைக்க வேண்டியது எக்ஸ்டர்னல் வயிற்றில் இருக்கிறது. நான் வாளியையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு பாக்கியம் அக்கா பெருமையாகச் சொன்னார்: "எம்புட்டு நல்ல கீரை டீச்சர்! அந்தக் கோரையையும் கசப்புச் செடியையும் மட்டும் கீரைக்காரி ஏமாத்தி உள்ள வச்சுட்டா, அடுத்த தடவ பாத்து வாங்குங்க."

பிளாட்டில் களை தேடிய படலம்

மறைத்துப் பயனில்லை. ஜெபராஜ் சாரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். பிறகு, "அரை மணி நேரம் தர்றேன். புதுசாப் பிடுங்கிட்டு வாங்க" என்றார். எங்கிருந்து பிடுங்குவது? தோட்டத்தை நாங்கள்தான் ஒரு வாரமாகத் துடைத்து வைத்திருக்கிறோமே! இத்தனை வருடம் நான் பகையாளியாகப் பார்த்த களை, தேவைப்பட்ட அன்றைக்குப் பார்த்து ஒன்றுகூட இல்லை.

பள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கம் புதிதாகப் போட்ட வீட்டுமனை பிளாட். கல் நட்டு, கொடி கட்டி, ஆள் வராமல் கிடக்கிறது. நான் பிள்ளைகளோடு உள்ளே பாய்ந்தேன். ஒவ்வொரு கல் பக்கத்திலும் களை கொழித்துக் கிடந்தது. "ஆகா, இங்க பாருங்க, எவ்வளவு அருமையா வந்திருக்கு!" என்று என்னை அறியாமல் கத்திவிட்டேன். காவலுக்கு இருந்த அண்ணன் வேகமாக ஓடி வந்தார். நாங்கள் நிலம் வாங்க வந்த கூட்டம் என்று நினைத்துச் சட்டைப் பொத்தானைக்கூடப் போட்டுக்கொண்டார். நான் குப்பைக்கீரையைக் கொத்தாகக் கையில் பிடித்தபடி, "அண்ணே, இது மட்டும் போதும், எடுத்துக்கலாமா?" என்றேன்.

அவர் என்னையும் கீரையையும் பார்த்துச் சொன்னார்: "தாராளமா எடுத்துக்கங்க. வாரவக எல்லாரும் களையப் பாத்துத்தான் பிளாட்டு வேணாம்னு போறாக, நீங்கதான் பிளாட்ட விட்டுட்டுக் களைய வேணும்னு கேக்குறீக."

திருத்திய முட்டை

மதிய பேட்ச் ஒருவழியாக முடிந்தது. ஜெபராஜ் சார் மார்க் தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு, காலையில் வந்த அழகுமீனாவைக் கூப்பிட்டுவிடச் சொன்னார். அவள் வந்து நின்றாள். கூட்டு விஷயத்தைச் சிஸ்டரிடம் சொல்லிவிட்டால் ரூம் கம்ப்யூட்டருக்கு என்பது உறுதி. ஜெபராஜ் சார் பேனாவைத் திறந்து, முட்டையை அடித்துவிட்டு, முழு மார்க் போட்டுப் பக்கத்தில் கையெழுத்தும் வைத்தார்.

"காலையில வாளி நிறையக் களை இருந்துச்சு. மதியம் பாத்தா கோரையும் பார்த்தீனியமும்தான் மிச்சம். இந்தப் பொண்ணு சொன்ன முறைதான வேலை செஞ்சிருக்கு?" என்றார். பிறகு சிஸ்டர் அறைக்குள் போனார். வெளியே நின்ற எனக்குச் சிஸ்டர் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பு எனக்குச் சாதகமா பாதகமா என்று தெரியாமல் கதவோரம் நின்றேன். வெளியே வந்தவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டே கேட்டார்: "அந்த மூணாம் நம்பர் ஸ்பெசிமன் என்ன டீச்சர்? வீட்டுல வைக்கச் சொல்லணும்."

அடுத்த ஜூன்

கெடு முடிந்து ஜூன் வந்தது. ரூமுக்கு ஒயர் இழுக்க அளவு எடுத்துக்கொண்டு போன எலக்ட்ரீஷியனைப் பார்த்துவிட்டுத்தான் சேர்க்கை மேஜைக்குப் போனேன். மேஜை முன்னால் வரிசை நின்றது. கம்ப்யூட்டர் வரிசை வளைந்து இந்தப் பக்கம் வந்துவிட்டது என்று நினைத்து, "அங்கிட்டுப் போய் நில்லுங்க" என்று விரட்டப் பார்த்தேன். யாரும் நகரவில்லை. முதலில் நின்ற பெண், "விவசாய குரூப்தான டீச்சர்? பரீட்சைக்கு வச்சத சமைச்சே போட்டுருவீகளாமே" என்றாள். மதிய பேட்ச் பிள்ளைகள் வேலையைக் காட்டியிருக்கிறார்கள். கதை ஒத்தக்கடை தாண்டி மேலூர்வரை போய், போகிற வழியில் கூட்டோடு அப்பளமும் பாயசமும் சேர்ந்திருந்தது. நான் மறுக்கவில்லை. மறுக்க நான் என்ன பைத்தியமா?

வரிசை நடுவே மாயழகு நின்றார், இளைய மகளோடு. மண்வெட்டியைச் சொல்லிக் கேட்ட அதே ஆள். "என்னண்ணே, இந்தப் பக்கம்?" என்றேன். அவர் கொஞ்சமும் கூச்சப்படாமல் சொன்னார்: "மூத்தவ கீரை திங்கிறதுக்கே முழு மார்க்கு வாங்கிட்டா. இவ அவள விட நல்லாத் திம்பா டீச்சர்."

சாயங்காலத்துக்குள் பெஞ்சு நிறைந்து, பின்னால் இரண்டு நாற்காலி போட வேண்டியிருந்தது. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கொய்யா மரத்துக்குப் போய் என் முடிச்சை அவிழ்த்தேன். நர்ஸ் வேலைக்குக் கட்டிய முடிச்சும் போயிருந்தது, ஆர்டர் வந்துவிட்டது போல. சிஸ்டர் வராந்தாவில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ரூம் கைக்கு வராமல் போய்விட்டதே என்று வருத்தப்படுவார் என்று நினைத்தேன். அவர் பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "என்ன செய்றது டீச்சர், கம்ப்யூட்டரைத் தாளிக்க முடியாதே."

களையை ஒழிப்பது எப்படி என்று காலமெல்லாம் தொண்டை வற்றப் பாடம் நடத்தியவளின் வேலையை, கடைசியில் காப்பாற்றிக் கொடுத்தது அந்தக் களைதான், அதுவும் பாசிப்பருப்போடு வெந்த பிறகு.